ராஜதந்திரி என்றால் தந்திரக்காரரா?

எதிர்க்கட்சியை இரண்டாக உடைத்தவரை ராஜதந்திரி என்கிறோம். கூட்டணிப் பேச்சில் ஐந்து தொகுதி கூடுதலாக வாங்கி வந்தவரையும் அப்படியே சொல்கிறோம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இலங்கை வானொலி கேட்பவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. அங்கே ராஜதந்திரி என்றால் தூதரகத்தில் வேலை பார்க்கும் அதிகாரி. ஒரு சொல்லை மூன்று பொருளுக்கு இழுத்ததில் அதன் முதற்பொருள் மறந்தே போய்விட்டது.

தந்திரம் என்றால் நமக்கு உடனே நரி நினைவுக்கு வரும். வடமொழியில் அந்தச் சொல்லுக்கு முறை, அமைப்பு, ஆளுகை என்ற பொருள்களும் உண்டு. இந்தியில் மக்களாட்சியை 'லோக்தந்த்ர' என்று சொல்வது அந்தப் பொருளில்தான். ஆக, ராஜதந்திரி என்பவர் ஆளும் முறை அறிந்தவர். சொல்லைப் பிழையாகப் புரிந்துகொள்வதால் ஒரு நட்டம் இருக்கிறது. சூழ்ச்சிக்காரரைப் பாராட்டிப் பழகிய ஊரில் ஆளும் முறை அறிந்தவர் வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. அந்த அடையாளம் என்ன என்பதை நம் கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

மூன்று நாள், நான்கு நாள்

பாக் நீரிணைக் கரையில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே கடலில்தான் தொழில் செய்கின்றன. விசைப்படகின் இழுவைமடி என்ற பெரிய வலை கடல் தரையைத் துழாவிக்கொண்டே போகும். நாட்டுப்படகுக்காரர் மாலையில் வலையை விட்டுவிட்டு விடியலில் எடுப்பார். இரவில் அந்த வழியாக ஒரு மடி போனால் காலையில் மிதவை மட்டும்தான் மிஞ்சும். வலை அறுபட்டவர் கடனாளி ஆவார். அடுத்த வாரம் கரையில் அடிதடி நடக்கும்.

இதற்குக் கண்ட வழி, வாரத்தின் ஏழு நாளைப் பிரித்துக்கொள்வது. விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 5.5 கிலோமீட்டருக்குள், விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று தூரத்தையும் பிரித்தது.

இந்த ஏற்பாடு யாருக்கும் முழு மகிழ்ச்சி தரவில்லை. விசைப்படகு வாங்கியவர் கடனுக்கு வட்டி கட்டுவது ஏழு நாளுக்கு, தொழில் மூன்று நாளுக்கு. நாட்டுப்படகுக்காரருக்கோ மூன்று இரவு வலை விட முடியாது. இருந்தும் ஏற்பாடு நிற்கிறது. காரணங்களைக் கவனியுங்கள். இன்று யார் முறை என்பது கரையில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆகவே மீறினால் மறைக்க முடியாது. இழப்பு எவ்வளவு என்று இரு பக்கமும் நாள் கணக்கில் எண்ணிப் பார்க்கலாம். இன்று கரையில் நிற்பவருக்கு நாளையோ மறுநாளோ முறை வரும். மீறுபவருக்கு அடுத்த முறை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காமல் போகலாம்.

ஓட்டையும் உண்டு. இந்தப் பிரிப்பு நாளைத்தான் கட்டுப்படுத்துகிறது, இன்ஜினின் குதிரைத்திறனுக்கு வரம்பு வேறு விதியில் இருக்கிறது. மூன்று நாளுக்குள் ஏழு நாள் மீன்பாட்டை அள்ளிவிட நினைப்பவர் பெரிய இன்ஜின் பொருத்துவார். ஒருவர் பொருத்தினால் பக்கத்துப் படகும் பொருத்தியாக வேண்டும். நாளைக் குறைத்ததன் பயன் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். எந்த ஏற்பாட்டையும் செய்து முடித்ததோடு விட்டுவிட முடியாது, பேணவும் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி வரையறை சொல்லலாம். நலன்கள் ஒத்துப்போகாத மக்களிடையே, யாருக்கு என்ன இழப்பு என்பதை மறைக்காமல், தான் விலகிய பிறகும் நிற்கக்கூடிய ஏற்பாட்டை உருவாக்கிக் காப்பதுதான் ராஜதந்திரம்.

இதுவரை பார்த்தது: ராஜதந்திரம் ஒரு செயல்முறை, அதற்குப் பதவி கட்டாயமில்லை. வெற்றி பெறுபவரை மகிழ்விக்க யாராலும் முடியும். இழப்பவர் ஏற்கும்படி ஏற்பாடு செய்வதுதான் கடினம். அந்தக் கடினத்தில்தான் ராஜதந்திரம் இருக்கிறது.

அப்படியானால் அரசியல்வாதி வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். வாக்கு சேர்க்கத் தெரியாத, ஆள் சேர்க்கத் தெரியாத மேதை ஒருவர் நல்ல யோசனை சொல்லலாம். அதை நடத்திக் காட்ட அவரால் முடியாது. அரசியல்வாதி கெட்டவர், ராஜதந்திரி நல்லவர் என்று பிரிப்பது சோம்பேறித்தனமான பிரிவினை. அரசியல் சாமர்த்தியம் ஒரு கருவி, அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் வேறுபாடு.

காமராஜரையே பார்ப்போம். அவர் பிறந்த விருதுநகர் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1954-ல் அரைநாள் பள்ளித் திட்டத்துக்கு எதிர்ப்பு வலுத்து ராஜாஜி விலகியபோது, சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் வென்றார். பிறகு எட்டே பேர் கொண்ட அமைச்சரவையில் அந்த இருவரையும் சேர்த்துக்கொண்டார். அரைநாள் திட்டத்தைக் கல்வி அமைச்சராக முன்பு தாங்கிப் பிடித்தவர் சுப்பிரமணியம். புதிய அரசில் அது கைவிடப்படுகிறது என்று அறிவித்தவரும் அவரே.

இதைச் சூழ்ச்சி என்று படிப்பவர் போட்டியாளர்களின் வாயை அடைத்தார் என்பார். அப்படியும் படிக்கலாம், தவறில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். தோற்ற பக்கத்துக்கு வெளியே நின்று கல்லெறியும் தேவை இல்லாமல் போயிற்று. அரசின் அனுபவம் வீணாகவில்லை. அடுத்து வந்த பள்ளிகளும் மதிய உணவும் கட்சிச் சண்டையில் சிக்கவில்லை. ஒரு செயல் சூழ்ச்சியா, ராஜதந்திரமா என்பது செய்த அன்று தெரியாது. அது எதை விட்டுச் சென்றது என்பதில்தான் தெரியும். 1963-ல் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியையே விட்டு இறங்கியவர் அவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நல்ல மனம் போதுமா?

இது இன்னொரு பொதுவான தவறு. நேர்மையானவர், கொடையாளி, எளிமையானவர் என்றால் அவரை ராஜதந்திரி என்று சொல்லிவிடுகிறோம். நற்குணம் தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது.

ராமநாதபுரம் சமஸ்தான மன்னர் பாஸ்கர சேதுபதியை இந்தச் சீமையில் அன்போடு நினைக்காதவர் இல்லை. விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்றவர், 1897-ல் அவர் பாம்பனில் இறங்கியபோது வரவேற்றவர், அளவில்லாமல் வாரிக் கொடுத்தவர். அந்தக் கொடை சமஸ்தானத்தின் வருவாயைத் தாண்டிப் போனது. கடன் ஏறியது, நிர்வாகம் அவர் கையை விட்டு நழுவியது. 35 வயதில், 1903-ல் மறைந்தார். அவர் பெருமை இதனால் குறையாது. ஆனால் வள்ளன்மையும் ஆளும் முறையும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை நம் பக்கத்தில் இல்லை.

இந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். 1919-ல் மியூனிக் மாணவர்களிடம் பேசும்போது அரசியலில் இரண்டு அறங்கள் உண்டு என்றார். ஒன்று கொள்கை அறம்: சரி என்று நம்புவதைச் செய்வேன், விளைவு என் பொறுப்பு இல்லை. மற்றது பொறுப்பு அறம்: என் செயலால் வரக்கூடிய விளைவுக்கு நானே பதில் சொல்வேன். அரசியலில் இறங்குபவருக்கு மூன்று வேண்டும் என்றும் சொன்னார். எடுத்த காரியத்தில் ஈடுபாடு, பொறுப்புணர்வு, ஆட்களையும் பொருள்களையும் சற்றுத் தள்ளி நின்று எடைபோடும் கண். மூன்றாவதுதான் அரிது. ஈடுபாடு மிகுந்தவர்கள் பொதுவாகத் தள்ளி நிற்க மாட்டார்கள்.

கொள்கையை விட்டுவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கொள்கை இல்லாமல் விளைவை மட்டும் கணக்குப் பார்ப்பவர் வியாபாரி.

கடைமடைக் கணக்கு

இனி உள்ளே இருக்கும் பொறியைத் திறந்து பார்ப்போம். இதற்குச் சரியான எடுத்துக்காட்டு மீன்பிடித் தடைக்காலம்.

நம் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகும் பருவம் அது. தமிழ்நாட்டில் 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, பிறகு நீட்டிக்கப்பட்டது. இதில் இழப்பு ஏப்ரல் 15 அன்றே வந்துவிடும். பலன் பிறகுதான் வரும், அதுவும் யார் வலையில் விழும் என்று சொல்ல முடியாது. இன்று வலிக்கும், நாளைக்குத்தான் பயன் தரும் என்ற இந்த இடைவெளியைக் காலத் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்கு கேட்க வேண்டியவருக்கு இது பெரும் சோதனை. வலி அவர் கணக்கில் ஏறும், பலன் அடுத்தவர் கணக்கில் ஏறும்.

காலத் தொலைவைத் தாண்டச் செய்ய வேண்டியது மூன்று.

முதலாவது, இழப்பவர் பட்டியலை முழுதாக எழுதுவது. தடைக்கால நிவாரணம் மீனவர் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அந்த இரண்டு மாதம் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைப்பவர், ஏலக்கூடத்தில் கூடை தூக்குபவர், மீன் வாங்கிப் பஸ் ஏறி ஊர் ஊராக விற்கும் பெண், மீன் ஏற்றும் வண்டிக்காரர் ஆகியோருக்கும் வேலை இல்லை. விசைப்படகுக்குச் சொன்ன தடை அவர்கள் அடுப்பையும் அணைக்கிறது. வைகைத் தண்ணீருக்கே கடைமடையாக, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடமாக, இருக்கும் மாவட்டம் இது. மடை திறந்ததும் தலைமடையில் நின்று பார்த்தால் தண்ணீர் நிறையத் தெரியும், கடைமடை வயலுக்கு வந்து நின்றால்தான் உண்மை தெரியும். ராஜதந்திரி தன் முடிவின் கடைமடை வரை நடந்து போய்ப் பார்ப்பவர். அதிகாரிகளின் அறிக்கை பெரும்பாலும் தலைமடையில் எழுதப்படுகிறது.

இரண்டாவது, இழப்பவர் மாறிப் போக ஒரு படிக்கட்டு கட்டுவது. எடுத்தவுடன் 'நாளை முதல் கிடையாது' என்பவர் வீரராகத் தெரிவார், ஆனால் அவர் உத்தரவு நிற்காது. தென்னாப்பிரிக்காவில் 1992-ல் பேச்சுவார்த்தை இறுகிக் கிடந்தபோது, நிறவெறி ஆட்சியை வாழ்நாள் முழுதும் எதிர்த்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோ ஒரு யோசனை வைத்தார். தேர்தலுக்குப் பின் சில ஆண்டுகள் பழைய ஆளும் கட்சியும் பங்குபெறும் கூட்டரசு, பழைய அரசு ஊழியரின் வேலைக்கு உத்தரவாதம். தன் பக்கத்து ஆட்களுக்கே இது கசந்தது. ஆனால் தோற்கப் போகிறவர் துப்பாக்கியைத் தேடாமல் வாக்குச்சாவடிக்கு வர இது வழிவிட்டது. இந்த இணக்கத்தில் வந்த ஆட்சிக்குத் தலைமை தாங்கிய மண்டேலா ஒரே பதவிக்காலத்தோடு 1999-ல் விலகிக்கொண்டார்.

மூன்றாவது, தன் கையையே கட்டிக்கொள்வது. தலைவர் நினைத்தால் மாற்றலாம் என்ற ஏற்பாட்டை யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு உலகப் போருக்குப் பின் 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி இரண்டின் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அமைப்பின் கீழ் வைக்கலாம் என்றார். பீரங்கி செய்யும் எஃகு தனியாக யார் கையிலும் இல்லை என்றால் போருக்குத் தயாராவது மறைவாக நடக்காது. ஓராண்டில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன.

இந்தப் பகுதியின் சாரம்: இழப்பவரை எண்ணு, மாறிப்போகப் படி கட்டு, பிறகு நீயே மாற்ற முடியாதபடி பூட்டு. வரிசை முக்கியம். எண்ணாமல் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண் முன்னே ஒரு கடல் இருக்கிறது.

1974, 1976: பூட்டு இருந்தது, எண்ணிக்கை இல்லை

கச்சத்தீவு 285 ஏக்கர். 1974-ல் இந்திரா காந்தி, சிறிமாவோ பண்டாரநாயக்க இருவரும் செய்த ஒப்பந்தம் பாக் நீரிணையில் எல்லைக்கோட்டை வரைந்து தீவை இலங்கைப் பக்கம் வைத்தது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்குப் போகலாம், விசா வேண்டாம் என்று அதன் 5-ஆவது பிரிவு சொன்னது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லைகள் முடிவாயின. கூடவே பரிமாறிய கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றன.

இதை ஒரே வார்த்தையில் துரோகம் என்பது எளிது, அது சரியான மதிப்பீடு ஆகாது. இரு நாடுகளுக்கும் சண்டையின்றி எல்லை கிடைத்தது. 1976 ஏற்பாட்டில் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வளமான வாட்ஜ் கடற்பகுதி இந்தியாவின் உரிமை என்று உறுதியானது. நாட்டுக்கு நாடு என்று பார்த்தால் அது கைதேர்ந்த தூதரக வேலை.

குறை வேறிடத்தில். இழப்பவர் பட்டியல் எழுதப்படவில்லை. தமிழக சட்டமன்றம் 1974-லேயே எதிர்ப்புத் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. கடலுக்குப் போகிறவரிடம் யாரும் கேட்கவில்லை. 'முன்போலவே போகலாம்' என்ற சொற்களில் மீன்பிடிப்பும் அடங்குமா, வலை உலர்த்துவதும் தீவிலுள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவும் மட்டும்தானா? இரண்டு கரையும் இரண்டு விதமாகப் படித்தன. சிக்கலைத் தள்ளிப்போடத் தெளிவில்லாத வாக்கியம் உதவும், ஆனால் அதற்கான வட்டியைப் பின்னால் வருபவர் கட்டுவார்.

அந்தப் பின்னால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விசைப்படகை அரசே மானியம் தந்து பரப்பியது. 1983-க்குப் பின் இலங்கைப் போரால் வடக்குக் கடலில் அங்குள்ள தமிழ் மீனவர் தொழில் செய்ய முடியாமல் போனது, நம் படகுகள் அந்தக் கடலில் பழகின. 2009-ல் போர் முடிந்து அவர்கள் வலையோடு திரும்பி வந்தபோது கடலில் இழுவைமடி இருந்தது. நம் நாட்டுப்படகுக்காரருக்கு இங்கே என்ன நேர்ந்ததோ அதுவே யாழ்ப்பாணத்து, மன்னார்க் கரைக்காரருக்கு அங்கே நேர்கிறது. 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. சிறைப்பட்ட நம் மீனவரின் வீட்டில் அழுகை, வலை அறுந்த அவர்கள் வீட்டிலும் அழுகை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லத் துணியும் தலைவர் இரு கரையிலும் குறைவு. மேடையில் கைதட்டு வாங்க ஒரு பக்கத்து அழுகையே போதுமாக இருக்கிறது.

மூன்று ஆண்டு, 80 லட்சம்

2014-ல் ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகளே நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். இத்தனை ஆண்டுப் பிரச்சினையில் ராஜதந்திரம் என்ற சொல்லுக்கு அருகில் வந்த நிகழ்ச்சிகளில் இது ஒன்று என்றே கருத வேண்டும். பேச்சு முட்டி நின்ற இடம் கொள்கை இல்லை, காலம். இழுவைமடியை விட நம் தரப்பு மூன்று ஆண்டு அவகாசம் கேட்டது. அந்தத் தரப்பால் அத்தனை நாள் பொறுக்க முடியவில்லை. இரண்டும் நியாயமே. படகுக் கடன் உள்ளவர் மூன்று மாதத்தில் தொழிலை மாற்ற முடியாது. வலையை இழந்துகொண்டே இருப்பவர் மூன்று ஆண்டு காத்திருக்கவும் முடியாது.

இங்கேதான் அரசுகள் படிக்கட்டைப் போட்டிருக்க வேண்டும். 2017-ல் ஒரு படி வந்தது: பாக் நீரிணை விசைப்படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுக்கு மாறும் திட்டம். படகு விலை 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், பயனாளி 10 சதவீதம். இலக்கு 2,000 படகுகள். திசை சரியானது. இலக்கை எட்டவே இல்லை.

ஏன் என்பது கரைக்காரருக்குத் தெரியும். கையிலிருந்து 8 லட்சம், கடனாக 16 லட்சம் என்ற தொகை ஒரு படகு மட்டுமே உள்ளவரை மிரட்டும். மாலை போய்க் காலை திரும்பிப் பழகிய ஆட்கள் வாரக்கணக்கில் கடலில் தங்கி ஆயிரம் தூண்டில் கட்டும் தொழிலைப் புதிதாகக் கற்க வேண்டும். பாக் நீரிணை ஆழம் குறைந்தது, ஆழ்கடல் படகுக்கு வேறு துறைமுகம் தேவை. முதல் ஆண்டு மீன்பாடு சரியில்லை என்றால் தவணையை யார் தாங்குவது என்பதற்குத் திட்டத்தில் வழி இல்லை. கூலிக்குப் போகும் நான்கைந்து பேர் மானியக் கணக்கிலேயே வரவில்லை. பணம் ஒதுக்கப்பட்டது, கடைமடை வரை யாரும் நடக்கவில்லை.

அடுத்த தேர்தலில் தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ ஒருவர் மேடையேறி 'உரிமையை மீட்போம்' என்று முழங்கும்போது, அவர் கட்சியை மறந்துவிட்டு இவற்றைக் கேளுங்கள். அக்கரை மீனவரோடு எப்போது உட்காருவீர்கள்? மடியை விடுபவருக்கு முதல் இரண்டு ஆண்டுத் தவணை யார் பொறுப்பு? படகில் கூலிக்குப் போகிறவரும் ஐஸ் உடைப்பவரும் பட்டியலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்? உங்களுக்கு அடுத்து வருபவர் இதை மாற்ற முடியாதபடி எந்தச் சட்டத்தில் எழுதப் போகிறீர்கள்?